ஆட்சேபணை இல்லை

சனிக்கிழமை பதினோரு மணிக்கு ஓடுதளத்துக் கொட்டகையில் இருந்தவர்கள்:

கிளாரன்ஸ், ஓடுதளக் காவலர். அதற்கு முன்னால் இருபத்தெட்டு வருஷம் தங்கச் சுரங்கத்தில் ஆட்கள் போகிற கூண்டை, கேஜை, ஏற்றி இறக்கிய வைண்டிங் டிரைவர்.

மரியகுழந்தை, அவர் மனைவி.

பியூலா, மகள், வயது பத்தொன்பது.

நேத்ரா, மாநில விமானச் சங்கத்தின் செயலாளர், பெங்களூர்.

பிரதாப், அவரை ஏற்றிக்கொண்டு வந்த விமானி.

கோவிந்தன், வருவாய்த் துறை அதிகாரி. கூட ஒரு பியூன்.

மாணிக்கராஜ், வீட்டு மனைக் கமிட்டித் தலைவர். கூட நாற்பது பேர்.

நேத்ரா ஒரு தாளைச் சுற்றுக்கு விட்டு எல்லோர் பெயரையும் எழுதி வாங்கினார். கிளாரன்ஸின் மூத்த மகன் ஷெர்வின் பெயர் அதில் இல்லை. அவன் உட்காரவில்லை. கடைசித் தூணில் சாய்ந்து நின்றான். அன்றைக்குக் கூட்டத்தைக் கெடுத்தவன் அவன்தான்.

அவன் சட்டைப் பையில் ஒரு காகிதம் இருந்தது. அது காலையிலேயே அவன் கைக்கு வந்துவிட்டது.

*

ஏழேகாலுக்கு ராத்திரி ஷிப்ட் முடித்து சுரங்கக் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைனில் இருந்த வீட்டுக்கு வந்தான். தொழிற்சாலையில் அவன் கான்ட்ராக்ட் ஹெல்பர். வார்ப்பு இரும்பில் பிசிர் தேய்க்கிற வேலை. பகல் ஷிப்டை நிரந்தர ஆட்கள் எடுத்துக்கொள்வார்கள். மிச்சம் இருப்பது ராத்திரி. கண் இமையிலெல்லாம் கறுப்புத் தூள்.

வாசலில் பியூலாவுக்கு வாங்கிய ஒரு ஜோடி ஷூ இருந்தது. புதுசு. அட்டைப் பெட்டி பக்கத்திலேயே கிடந்தது. அவன் பாலிடெக்னிக் போனபோது அப்பாவின் சுரங்க பூட்ஸில் பேப்பரைத் திணித்துக்கொண்டு போனான். ஷூவைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு உள்ளே நுழைந்தான்.

செவ்வாய்க்கிழமை விமானச் சங்கத்தின் கடிதம் வந்ததிலிருந்து வீடு இப்படித்தான் இருந்தது.

மாநிலத்தில் இருக்கிற சின்னச் சின்ன ஓடுதளங்களுக்காகப் பேசுகிற சங்கம் அது. நிலத்தை யாராவது கேட்டால் பெங்களூர் சட்டசபை, விதான சவுதா வரைக்கும் போய் மனு கொடுத்துத் தடுப்பது அவர்கள் வேலை. இன்னொரு வேலையும் உண்டு. வருஷத்துக்கு ஒரு ஊரில் பரீட்சை வைத்து, ஒரு பிள்ளையை விமானப் பராமரிப்புப் படிப்புக்கு அனுப்புவார்கள். மூன்று வருஷம். பீஸும் ஹாஸ்டலும் சங்கத்தின் பொறுப்பு. இந்த வருஷம் பாலகாட் சுரங்கத்துக்கு அப்பால் இருக்கிற இந்த ஓடுதளத்தின் முறை. பதினேழு பேர் எழுதினார்கள். பியூலா முதலாவதாக வந்தாள்.

மரியகுழந்தை தெரு முழுக்கக் கேசரி கொடுத்தாள். ஷெர்வின் தன் பங்கைத் தட்டால் மூடிவிட்டு வேலைக்குப் போனான். மறுநாள் அதில் எறும்பு மொய்த்திருந்தது. அதைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

விமானம் என்றால் அந்த வீட்டில் அவன்தான். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே என்ன எஞ்சின் என்று சொல்வான். விமானி யாரோ விட்டுப்போன கிழிந்த புத்தகத்தை அட்டை போட்டு வைத்திருந்தான். பாலிடெக்னிக்கில் கணக்கு மூன்று தடவை போனது. நான்காவது தடவை அவன் ஹாலுக்கே போகவில்லை. அதோடு சரி.

"மூஞ்சி கழுவிக்கினு வாடா. ஒரு கையெழுத்து போடணும்," என்றார் கிளாரன்ஸ்.

"இன்னா கையெழுத்து?"

ஸ்டாம்ப் பேப்பர். கன்னடத்தில் டைப் செய்திருந்தது. என் தங்கை பியூலா மேற்படி உதவித்தொகையைப் பெறுவதில் மூத்த மகனாகிய எனக்கு எவ்வித ஆட்சேபணையும் இல்லை. கீழே அவன் பெயர், ஒரு கோடு.

"இன்னிக்கு சங்கத்துலருந்து அந்தம்மா வருவாங்க. கையில குடுத்துடணும்."

"நான் போடலன்னா?"

"போடலன்னா எப்டிடா? பெரியவன் நீ இருக்கற. சின்னதுக்குப் போவுது. நீ ஒத்துகினதா எழுத்துல வேணுமில்ல?"

சுரங்கத்தில் அப்படித்தான். அப்பன் வேலைக்கு லாயக்கில்லை என்று டாக்டர் எழுதினால் அந்த வேலை பிள்ளைக்குப் போகும். இளையவனுக்குப் போவதானால் மூத்தவன் டைம் ஆபீஸில் வந்து நின்று ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் கிளார்க் பைலைத் திறக்கவே மாட்டான். மூன்று தலைமுறையாக இதைப் பார்த்த வீடு அது. இந்தப் பேப்பர் தேவையா என்று அங்கே ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஷெர்வினுக்கும்தான்.

"எங்கண்ணன் இன்பராஜ் எனக்குப் போட்டான். ஒரு வார்த்த கேக்கல."

"அதான் பெரியப்பா சாகற வரைக்கும் மார்க்கெட்ல மூட்ட தூக்கினாரு."

மரியகுழந்தை தோசைக் கரண்டியோடு சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏன்டா, காலங்காத்தால. போட்டுட்டு சாப்புடு. முட்ட தோச ஊத்தறேன்."

"அவளுக்கு ஊத்துங்க. எஞ்சினீயரம்மா."

தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்த பியூலா திரும்பினாள். "எஞ்சினீயர் இல்லண்ணா. மெக்கானிக்கு. உன் லூனா வண்டிய கூட நான்தான் ரிப்பேர் பண்ணணும் போல கீது."

அவள் சிரிப்பதற்காகச் சொன்னாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. பேப்பரை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

"அங்க வந்து போடறேன்."

அவன் வாழ்க்கையில் முதல்தடவையாக அவன் கையெழுத்துக்காக மூன்று பேர் காத்திருந்தார்கள். அது அவனுக்குப் பிடித்திருந்தது.

*

பத்தேகாலுக்கு விமானம் வந்தது. ஓடுதளத்து முனையில் மேய்ந்த மாடுகளை கிளாரன்ஸ் ஓட்டினார். வெள்ளை நிறம், இரண்டு சீட். தங்கம் பிரித்த கழிவைக் கொட்டிய சயனைடு மேட்டைச் சுற்றிக்கொண்டு தாழ இறங்கி, செம்மண்ணைக் கிளப்பிக்கொண்டு ஓடி நின்றது.

நிற்பதற்கு முன்பே ஷெர்வினுக்குத் தெரிந்துவிட்டது. எஞ்சின் லேசாக இருமியது. நாலு சிலிண்டரில் ஒன்று சரியாக அடிக்கவில்லை.

பிரதாப் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார். முன்பக்கம் போய் முகத்தைச் சுளித்தார். நேத்ரா இறங்கி கிளாரன்ஸிடம் கைகூப்பினார். பியூலா பக்கத்தில் நின்றாள்.

"என்னம்மா, ஸ்காலர்ஷிப் பொண்ணு நீதானா? சொல்லு பார்ப்போம், இதுக்கு என்ன உடம்பு?" என்று பிரதாப் விளையாட்டாகக் கேட்டார்.

"இடது மேக்னட்டோல ஓட்டிப் பாத்தா நல்லா உதறும் சார். கீழ் பிளக்ல கரி புடிச்சிருக்கும். தொடச்சுப் போட்டா சரியாயிடும்."

பிரதாப் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தார். சூடு தணிந்ததும் கீழ் பிளக்கைக் கழற்றினார். கரி அப்பியிருந்தது.

"சபாஷ்! யாரும்மா சொல்லிக் கொடுத்தாங்க?"

போன வருஷம் இதே இடத்தில், இதே வார்த்தைகளில் அவளுக்குச் சொன்னவன் ஷெர்வின். அவன் பத்தடி தூரத்தில் நின்றான். பியூலாவின் வாய் திறந்தது.

"அவளே படிச்சுக்கினா சார்," என்றார் கிளாரன்ஸ். "சின்ன வயசுலருந்தே புத்திசாலி."

பியூலா வாயை மூடிக்கொண்டாள். முகம் மலர்ந்திருந்தது. பிரதாப் பிளக்கை அவள் கையில் கொடுத்தார். அவள் தாவணி நுனியால் அதைத் துடைத்தாள்.

ஷெர்வின் தன் கையைப் பார்த்தான். நகக்கண்ணில் ராத்திரியின் இரும்புத் தூள் அப்படியே இருந்தது.

*

கூட்டத்தில் முதலில் மாணிக்கராஜ் பேசினார். யூனியனில் பேசிப் பழகிய குரல். மைக் வேண்டாம் என்றார்.

"சார், மைன்ஸ் இன்னிக்கோ நாளைக்கோ மூடப்போறான். மூடினா குவார்ட்டர்ஸ காலி பண்ணுன்னுவான். நாங்க எங்க போவறது? இங்க அறுபது ஏக்கர் சும்மா கெடக்குது. மாசத்துக்கு ரெண்டு பிளேன் வருது. அதுல ஒன்னு எங்க ஆளுங்க ஆடு மேய்க்கறத பாத்துட்டுத் திரும்பிப் போவுது."

நாற்பது பேரும் சிரித்தார்கள். கோவிந்தனும் குனிந்து சிரித்தார்.

நேத்ரா எழுந்தார். பெங்களூரில் கற்ற தமிழ். நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"வீடு வேணும், சரி. நான் இல்லைன்னு சொல்லல. பூதிகோட்டை ரோட்ல அரசு நிலம் இருக்கு, இல்லையா? அதைக் கேளுங்க. உங்க கூட நானும் வந்து மனு கொடுக்கறேன். ஓடுதளம் ஒரு தடவை போச்சுன்னா மறுபடி வராது. மைன்ஸ் போன பிறகு இந்த ஊர்ல மேடு மட்டும்தான் இருக்கணுமா? போன மழைல ரோடு அடிச்சுக்கிட்டுப் போனப்ப ரத்த பாட்டில் இந்த மண்ணுலதான் இறங்குச்சு. உங்க ஆளுங்களுக்குத்தான்."

யாரோ பின்னாலிருந்து "ஆமா, எங்க மச்சானுக்கு" என்றார்கள். மாணிக்கராஜ் திரும்பி முறைத்தார்.

கோவிந்தன் பேனாவைத் திறந்தார். "மேடம், இந்த ஊருக்கு இதனால என்ன பிரயோஜனம்னு நான் மேல எழுதணும். ரத்தம் எழுதிக்கிட்டேன். வேற?"

"எழுதுங்க. இந்த ஊர்ப் பொண்ணு ஒருத்தி இந்த ஓடுதளத்தாலதான் படிக்கப் போறா. பியூலா, எழுந்திரு."

பியூலா எழுந்தாள். கைதட்டினார்கள். மாணிக்கராஜ் ஆட்களிலும் சிலர் தட்டினார்கள். எதிர் வீட்டுப் பெண் ஆயிற்றே.

கிளாரன்ஸ் கடைசித் தூணைப் பார்த்து, உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டினார். போடு என்று அர்த்தம்.

ஷெர்வின் நடந்து வந்தான். பேப்பரை எடுத்துப் பிரித்தான். கிளாரன்ஸ் தன் பேனாவை நீட்டினார். அவன் வாங்கவில்லை.

"எனக்கு ஆட்சேபணை கீது," என்றான்.

கைதட்டல் நின்றது.

"யார் நீங்க?" என்றார் நேத்ரா.

"இவ அண்ணன். மூத்தவன். நான் கையெழுத்து போட்டாத்தான் இவளுக்கு. நான் போடல."

நேத்ரா பேப்பரை வாங்கிப் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். பிறகு கிளாரன்ஸைப் பார்த்தார்.

"இது யார் கேட்டாங்க சார்?"

"மேடம், மைன்ஸ்ல பெரியவன் போட்டாத்தான்..."

"இது மைன்ஸ் வேலை இல்லையே. எங்க சங்கத்துல இப்படி ஒரு பேப்பரே கிடையாது. அவ பரீட்சை எழுதி வாங்கினா. அண்ணன் சம்மதம் எதுக்கு? உங்க சம்மதம்கூட வேண்டாம்."

பேப்பரை மடித்து கிளாரன்ஸிடம் கொடுத்தார். அவ்வளவுதான். இதுவரை அவனுக்கு இருந்த பலம் அந்த மடிப்போடு முடிந்தது.

முதலில் ஒருவன் சிரித்தான். "ஏய், தங்கச்சி பறக்கப் போவுது, இவன் கால புடிச்சு இஸ்துகினு கீறான் பாரு!" பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மரியகுழந்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் சிரிக்கவில்லை.

மாணிக்கராஜும் சிரிக்கவில்லை. கையைத் தூக்கினார். அவர் ஆட்கள் அடங்கினார்கள்.

"சார், இதையும் எழுதிக்குங்க. ஓடுதளத்து காவலர் மகனே இந்த ஸ்காலர்ஷிப்ப ஒத்துக்கல. காவலர் வீட்லயே பரிசு விழுந்தா ஊரு இன்னா நெனைக்கும்?"

கோவிந்தன் யோசித்தார். "வாயால சொன்னது செல்லாதுங்க. அந்தத் தம்பிக்கு ஏதாவது சொல்லணும்னா திங்கட்கிழமை நாலு மணிக்குள்ள எழுத்துல கொடுக்கட்டும். கொடுத்தா சேர்த்து அனுப்புவேன். கொடுக்கலன்னா மேடம் சொன்னது மட்டும் போகும்."

அவர் பேனாவை மூடினார். கூட்டம் கலைந்தது.

*

விமானம் போன பிறகு தண்ணீர் டிரம் அருகில் பியூலா அவனைப் பிடித்தாள். கிளாரன்ஸ் கொட்டகையில் பெஞ்சுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மகனைப் பார்த்து அவர் சொன்னது ஒன்றுதான்: "வீட்டுக்குப் போய்த் தூங்கு. ராத்திரி ஷிப்ட் கீது."

"ஏண்ணா அப்டி பண்ண?" என்றாள் பியூலா.

"பிளக்கு எவன் சொன்னது? உனக்கா தெரிஞ்சுதா?"

"நீதான் சொன்ன."

"அத்த அங்க சொன்னியா?"

"நைனா முந்திக்கினாரு."

"நைனா முடிச்சப்பறம் உனக்கு வாய் இல்ல?"

அவள் தண்ணீரை மொண்டு முகத்தில் அடித்துக்கொண்டாள். "சரி. சொல்லல. அவரு சபாஷ்னப்ப நல்லா இருந்தது. அப்டியே இருக்கட்டும்னு விட்டுட்டேன். போதுமா?"

அவள் பொய் சொல்லியிருந்தால் அவனுக்கு எளிதாக இருந்திருக்கும்.

"உன்னவிட எனக்குத்தான் இது தெரியும்," என்றான். "உனக்கே தெரியும் அது."

"தெரியும். அதனாலதான் அந்த மேடம்கிட்ட கேட்டேன்."

"இன்னா கேட்ட?"

சொல்லியிருக்கக் கூடாது என்று அவள் முகத்தில் தெரிந்தது.

"எனக்கு பதிலா உன்ன அனுப்பலாமான்னு கேட்டேன். போஸ்ட் ஆபீஸ்லருந்து போன் போட்டு. கடிதம் வந்த மறுநாளே. இருபத்திரண்டு வயசுக்கு மேல எடுக்க மாட்டாங்களாம். உனக்கு இருபத்தஞ்சு."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"நைனாக்கு. அம்மாக்கு. உன்கிட்ட சொல்ல வேணான்னு நான்தான் சொன்னேன். மனசு கஷ்டப்படும்னு."

ஷெர்வின் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றான். கேசரியை அவன் தொடாதபோது ஏன் யாரும் கேட்கவில்லை என்று இப்போது தெரிந்தது. நான்கு நாளாக வீட்டில் மூன்று பேரும் அவனைப் பார்த்துப் பாவப்பட்டிருக்கிறார்கள். அவன் பொறாமையை மறைத்துக்கொண்டு திரிந்ததாக நினைத்தான். அவர்கள் அதைச் சுற்றி மெதுவாக நடந்திருக்கிறார்கள், காய்ச்சல்காரன் கட்டிலைச் சுற்றி நடக்கிற மாதிரி.

தோற்றதைக்கூட அவன் தாங்கியிருப்பான். அவள் தனக்குக் கிடைத்ததைத் தூக்கி அவனுக்குப் போடப் பார்த்திருக்கிறாள். அதுவும் அவனுக்குப் பொருந்தவில்லை.

"நீ எனக்கு விட்டுக் குடுக்கற ஆளா?"

"நேத்து வரைக்கும் குடுத்திருப்பேன்," என்றாள். "இப்ப குடுக்க மாட்டேன். நாப்பது பேரு முன்னால என்ன நிக்க வெச்ச. திங்கக்கெழம நீ இன்னா வேணா எழுதிக் குடு. நான் போவத்தான் போவேன்."

அவள் பெஞ்ச் தூக்கப் போய்விட்டாள்.

*

மூன்று மணிக்கு ஷெர்வின் ஆண்டர்சன்பேட்டையில் இருந்தான். தூங்கவில்லை, சாப்பிடவில்லை. டயர் கடைக்கு மேலே, மரப்படி ஏறினால் வீட்டு மனைக் கமிட்டி ஆபீஸ்.

"வாப்பா," என்றார் மாணிக்கராஜ். அவர் ஆச்சரியப்படவில்லை. "உக்காரு. ஞானதாஸ், தம்பிக்கு டீ சொல்லு."

ஞானதாஸ் அவருடைய டிரைவர். கதவோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். ஜன்னல் வழியாகக் குனிந்து கீழே ஒரு டீ என்று கத்தினான்.

சுவரில் மனைகளின் வரைபடம் தொங்கியது. ஓடுதளம் அதில் இல்லை. அந்த இடத்தில் கட்டம் கட்டமாக எண்கள். மாணிக்கராஜ் விரலை வைத்தார்.

"நாப்பத்தாறு. மூலை மனை. ரெண்டு பக்கமும் ரோடு. உன் பேருக்கு. அப்பன் பேருக்கு இல்ல, உன் பேருக்கு."

"இன்னா எழுதணும்?"

"நீ இன்னாத்துக்குக் கஷ்டப்படற. எழுதியே வெச்சிருக்கேன்."

டைப் செய்த ஒரு பக்கம். ஷெர்வின் படித்தான். முதல் இரண்டு வரி அவன் பெயர், அப்பா பெயர், விலாசம். மூன்றாவது வரியில் நின்றான். பரீட்சைக்கு முன்தினமே கேள்வித்தாள் தன் தகப்பனார் கிளாரன்ஸ் மூலமாக வீட்டுக்கு வந்ததைத் தான் கண்ணால் கண்டதாக எழுதியிருந்தது.

"இது நடக்கல," என்றான்.

"நடக்கலன்னு உனக்குத் தெரியும். கோவிந்தன் சாருக்குத் தெரியாது. வெறும் 'எனக்குப் புடிக்கல'ன்னு எழுதினா எவன் படிப்பான்? நீயே பாத்தியே, இன்னிக்கு இன்னா சிரிப்பு சிரிச்சானுங்க."

"நைனா வேல போயிடும்."

"ஓடுதளமே போவப்போவுது. காவல் எதுக்கு?"

"அவ ஸ்காலர்ஷிப்?"

மாணிக்கராஜ் நாற்காலியில் சாய்ந்தார். "அத்த கேக்கத்தான வந்த?"

ஷெர்வின் மறுபடி மூன்றாவது வரியைப் படித்தான். ஒரே ஒரு வரி. மற்றதெல்லாம் உண்மை. பேனா மேஜைமேல் மூடி கழற்றியபடி இருந்தது.

ஜன்னல் பக்கம் நின்றிருந்த ஞானதாஸ் திரும்பினான். "அண்ணே, அந்தப் பொண்ணு வருது. சைக்கிள்ல. கடைக்காரன்கிட்ட இன்னாமோ கேக்குது."

கீழே சைக்கிள் ஸ்டாண்ட் போடுகிற சத்தம். அப்புறம் மரப்படியில் வேகமான காலடி.

"இன்னா பண்ணலாம் தம்பி?" என்றார் மாணிக்கராஜ். "நீயே சொல்லு. தங்கச்சிய உள்ள கூப்புட்டு உக்கார வெச்சுப் பேசலாமா? எனக்கு ஒன்னுமில்ல."

காலடி பாதிப் படியில் இருந்தது. "ண்ணா!" என்று ஒரு குரல். பிறகு இன்னொரு தடவை, பக்கத்தில்.

ஷெர்வின் திரும்பிப் பார்க்கவில்லை.

"கதவ சாத்துங்க," என்றான்.

ஞானதாஸ் கதவைச் சாத்தினான். தாழ்ப்பாளைத் தள்ளி, பூட்டைப் போட்டு அழுத்தினான். வெளியே அவள் கை கதவில் விழுந்தபோது சாவி மேஜைமேல், பேனாவுக்குப் பக்கத்தில் கிடந்தது.